உள்கூடான பாய்மரம்

பத்தடிக்கு உட்பட்ட படகு கட்டுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். நன்றாக முற்றி நிழலில் உலர்ந்த மூங்கில் ஒன்று அவர்களுக்குப் போதும். பாரம் தாங்கும் நாரையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, நடுவைக் காற்றுக்கு விட்டு, வளையும்போது நசுங்காமலிருக்க இடையிடையே கணு வைத்து வளர்வது மூங்கில். படகு பெரிதாகும்போதுதான் சிக்கல். வேண்டிய தடிமனில் நேரான கழி கிடைக்காது. கிடைத்தாலும் வெயிலில் வெடிக்கும், வண்டு துளைக்கும், பாய்மரம் நிற்கும் குறுக்குப் பலகைத் துளைக்குள் வட்டமாக உட்காராது. அந்த நிலையில் மூங்கிலின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நாமே பலகையில் ஒரு கழி செய்துகொள்ள வேண்டியதுதான்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் படகு 12 முதல் 14 அடி நீளம். ஒருவரோ இருவரோ ஓட்டுவது. ஏறத்தாழ 8 சதுர மீட்டர் நாற்கோணப் பாய். பாய்மரம் 4.2 மீட்டர், பக்கங்களில் இழுத்துக் கட்டும் கயிறு ஏதுமில்லாமல், படகின் அடிக்குழியிலும் குறுக்குப் பலகைத் துளையிலும் மட்டும் பிடிப்பு கொண்டு தானே நிற்பது. குறுக்குப் பலகையில் அதன் விட்டம் 75 மில்லிமீட்டர்.

உள்ளே கூடாக்குவதால் என்ன லாபம்? கம்பம் வளையும்போது காற்றுப் பக்கத்து நார் இழுபடுகிறது, எதிர்ப்பக்கத்து நார் அமுங்குகிறது. நடு அச்சில் இருக்கும் மரம் பெரும்பாலும் சும்மா இருக்கிறது. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சுவரின் கனமாக விட்டு மீதியைக் குடைந்துவிட்டால், எடையில் 36 சதவீதம் போய்விடும். விறைப்பில் போவது 13 சதவீதம்தான். அதையும் ஈடுகட்ட வேண்டுமென்றால் விட்டத்தை மூன்று மில்லிமீட்டர் கூட்டினால் சரியாகிவிடும். கன மீட்டருக்கு 450 கிலோ எடையுள்ள மரத்தில், சீரான கம்பமாக முழுமரம் எட்டு கிலோவுக்கு மேல் வரும். கூடாகச் செய்தால் ஐந்தரை கிலோவுக்குள் அடங்கும்.

இந்த மூன்று கிலோவால் படகு பறக்கும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். படகு 30 டிகிரி சாய்ந்து நிற்கும்போது அந்தக் குறைவு தரும் அனுகூலம், 60 கிலோ ஆள் ஒருவர் ஐந்து செ.மீ. வெளிப்பக்கம் நகர்ந்து உட்காருவதற்குச் சமம். அவ்வளவுதான். அருமை தெரிவது கரையில். தாங்குகயிறு இல்லாத பாய்மரத்தை நட்டக்குத்தலாகத் தூக்கி, துளை வழியாக நேரே கீழே இறக்க வேண்டும். காற்றடிக்கும் கரையில் தனியாளாக எட்டு கிலோ கம்பத்தோடு அதைச் செய்து பார்த்தவர்கள் ஐந்தரை கிலோவை மறுக்க மாட்டார்கள். படகு கவிழ்ந்தால் இன்னொரு நன்மை உண்டு. நீர் புகாமல் அடைத்த கூட்டுக்குள் நான்கைந்து லிட்டர் காற்று இருப்பதால், படகு தலைகீழாகப் புரளாமல் சற்று நேரம் பக்கவாட்டிலேயே கிடக்கும். நிமிர்த்த அந்த நேரம் வேண்டும்.

பெரிய கலங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தூத்துக்குடித் தோணி போன்ற சரக்குக் கலத்தின் அடியில் பல டன் பாரம் கிடக்கும்போது பாய்மரத்தில் சில கிலோ ஒரு பொருட்டே அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓங்கி நேராக வளரும் புன்னை இன மரங்களை 19ஆம் நூற்றாண்டில் கப்பல் பாய்மரத்துக்கென்றே வெட்டி இறக்கினார்கள். அப்படி ஒரே மரத்தில் முழுக்கம்பம் இன்று நமக்குக் கிடைக்கப்போவதில்லை. கிடைத்தாலும் நடுவில் வெடிக்காமல் உலர வருடக்கணக்காகும். மெல்லிய சட்டங்களாக அறுத்து ஒட்டும்போது அந்தக் கவலையும் இல்லை.

மரம் தேர்தல்

வேலையில் பாதி மர டிப்போவிலேயே முடிகிறது என்பது என் கருத்து. அங்கே செலவழிக்கும் அரை நாளைச் சுருக்காதீர்கள்.

வெளிநாட்டு நூல்கள் எல்லாம் சிட்கா ஸ்ப்ரூஸ் என்றே சொல்லும். முதல் உலகப் போர் விமானங்களின் இறக்கைச் சட்டங்களுக்குப் போன மரம் அது. எடைக்கு எடை விறைப்பு அதிகம். நம் ஊர் டிப்போவில் கேட்டால் தெரியாது என்பார்கள். இறக்குமதியாகும் டக்ளஸ் ஃபிர் பெரிய டிப்போக்களில் கிடைக்கும். கன மீட்டருக்கு 530 கிலோ அளவு வரும், வலுவான மரம், தாராளமாக வாங்கலாம். பெட்டி அடிக்கும் பைன் மலிவு, ஆனால் கணு மலிந்தது. பத்துப் பலகை புரட்டினால் ஒன்று தேறலாம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது: இடித்த வீடுகளின் பழைய தேக்குக் கைமரங்கள். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் உலர்ந்தவை; வைரம் பாய்ந்தவை; நீளமும் நேர்த்தியும் இருக்கும். தேக்கு கனம் என்று தயங்க வேண்டாம். கன மீட்டருக்கு 650 கிலோ தேக்கைக் கூடாகச் செய்தால் அதன் எடை முழுமரமாகச் செய்த ஸ்ப்ரூஸ் கம்பத்தின் எடையை ஒட்டியே வரும். தேக்கில் இரண்டு தொல்லை: ஆணி ஒளிந்திருக்கும், எண்ணெய் கசியும். ஆணியைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்குங்கள். மில்காரர் உங்களைத் திட்டும் முன் செய்யுங்கள். எண்ணெய்க்கு, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் ஒட்டும் முகங்களைத் துடைக்க வேண்டும்.

எந்த மரமானாலும் பார்க்க வேண்டியது ரேகை. பலகையின் ஓரத்தை வைத்துப் பாருங்கள்: ரேகை ஓரத்தோடு இணையாக ஓட வேண்டும். 15 அங்குலம் ஓடுவதற்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகினால் அந்தப் பலகை பாய்மரத்துக்கு ஆகாது; விலகுகிற இடத்தில்தான் முறியும். விமான மரத்துக்கு வைத்த வரம்பும் இதுவே. வெளிறு கலந்ததை ஒதுக்குங்கள். குண்டூசித் தலை அளவு கணுவை மன்னிக்கலாம், அதுவும் கம்பத்தின் மேல்பாதியில். ஈரம் 12 முதல் 15 சதவீதம் இருக்கட்டும். மீட்டர் இல்லாவிட்டால் பலகையை வாங்கி வந்து காற்றோட்டமான இடத்தில் இடைக்கட்டை வைத்து அடுக்கி, சில வாரம் விட்டுவிடுங்கள்.

வாங்கும் அளவு: கூட்டைச் சுற்றி ஒட்டும் எட்டுச் சட்டம், உபரியாக இரண்டு, இரு முனைகளையும் அடைக்கும் அடைகட்டைகள், அறுப்புச் சேதம் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கன அடி.

அளவும் காடியும்

எட்டுச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விளிம்பில் செங்கோணமாக ஒரு முக்கோணக் காடி. மறு விளிம்பு வெட்டாமல் சதுரமாக இருக்கும். ஒரு சட்டத்தின் சதுர விளிம்பின் உள்மூலை அடுத்த சட்டத்தின் காடிக்குள் உட்காரும். எட்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மேலைநாட்டுப் படகுத் தச்சர்கள் இதைப் பறவை வாய் இணைப்பு என்பார்கள். வெளியே இருந்து இறுக்க இறுக்க மூலை காடிக்குள் ஆழப் போகுமே தவிர வழுக்கி வெளியே வராது. சாதாரணமாகச் சாய்த்து அறுத்த எட்டுப் பட்டைகளை ஒட்ட முயன்றால் பசை தடவியவுடன் அவை நாலாபக்கமும் சரியும். அந்தத் தலைவலி இதில் இல்லை.

சட்டத்தின் கனம் பெரிய விட்டத்தில் ஐந்தில் ஒன்று: 75 மி.மீ. கம்பத்துக்கு 15 மி.மீ. இது அடி முதல் நுனி வரை மாறாது. அகலம்தான் மாறும். ஓரிடத்தில் வேண்டிய விட்டத்தை 0.414ஆல் பெருக்கி, அதிலிருந்து கனத்தின் 0.12 பங்கைக் கழித்தால் அந்த இடத்தில் சட்டத்தின் அகலம் கிடைக்கும். நம் கம்பத்துக்கு, குறுக்குப் பலகையில் 75 மி.மீ. விட்டம் என்றால் அகலம் 29¼. அடியில் விட்டம் 60, அகலம் 23. நுனியில் விட்டம் 50, அகலம் 19. இழைப்பில் போகும் என்பதால் எல்லாவற்றிலும் அரை மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் விட்டத்தில் ஏறத்தாழ இரண்டரை கூடிவிடும்.

முழு விட்டம் குறுக்குப் பலகையில் தொடங்கி, கம்பத்தின் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அப்படியே போகட்டும். அதற்கு மேல் நுனி நோக்கி மெல்லச் சிறுக்க வேண்டும். நேர்கோட்டில் சிறுக்கினால் கண்ணுக்கும் நன்றாயிராது, வளைவும் ஓரிடத்தில் குவியும். ஒரு மெல்லிய ரீப்பரை மூன்று நான்கு ஆணிக்கு நடுவே வளைத்து, அதை ஒட்டிக் கோடு போடுங்கள்.

14 அடி நீளத்துக்குக் குறையில்லாத பலகை கிடைப்பது அபூர்வம். இரண்டு துண்டுகளைச் சாய்வாக இழைத்து ஒட்டுவதில் வெட்கமில்லை, பலவீனமும் இல்லை. சாய்வு மட்டும் நீளமாக இருக்க வேண்டும். கனத்தைப் போல் 12 மடங்கு, அதாவது 15 மி.மீ. சட்டத்துக்கு 18 செ.மீ. எட்டுச் சட்டத்திலும் இணைப்பு ஒரே உயரத்தில் விழாதபடி ஒன்றுக்கொன்று அரை மீட்டராவது தள்ளி அமையுங்கள். குறுக்குப் பலகைக்கு அருகில் ஒரு இணைப்பும் வரக்கூடாது.

அறுப்பதை நீங்களே செய்ய வேண்டுமென்பதில்லை. அறுவை மில்லில் பிளேனிங் மிஷின் இருக்கும். பத்துச் சட்டங்களையும் 15 மி.மீ. கனத்துக்கும், பெரிய அகலத்துக்கும் சீராக இழைத்துத் தரச் சொல்லுங்கள். காடிக்கு டேபிள் ரம்பத்தின் பிளேடை 45 டிகிரி சாய்த்து, சட்டத்தை ஒருமுறை விட்டு, முன்பின் திருப்பி இன்னொருமுறை விட வேண்டும். ரவுட்டரில் 90 டிகிரி முக்கோண பிட் போட்டும் எடுக்கலாம். காடியின் இரு உதடுகளையும் கத்தி முனையாக விடாமல் அரை மில்லிமீட்டர் தட்டையாக விட்டால் கையாளும்போது சிலும்பாது. நீளச் சட்டங்களில் கைவைக்கும் முன் அதே கனமுள்ள வீண் கட்டையில் பத்து செ.மீ. நீளத்தில் எட்டுத் துண்டுகள் வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டுச் சேர்த்துப் பாருங்கள். வட்டம் இடுக்கில்லாமல் மூடினால் அமைப்பு சரி. ஏழு சேர்ந்து எட்டாவதில் இடுக்கு விழுந்தால் பிளேடின் கோணத்தைத் திருத்த வேண்டும். பசையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அமைப்பு சரியானதும் பத்தையும் ஒரே மூச்சில் அறுத்துவிடுங்கள். இடையில் ரம்பத்தைக் கலைத்தால் அதே அளவு திரும்பி வராது. சிறுக்குவது காடி எடுத்த பிறகு, சதுர விளிம்பில் மட்டும். எட்டையும் பக்கம் பக்கமாகக் கிளாம்பில் பிடித்து ஒரே பலகை போல இழைப்புளியால் இழைத்தால் எல்லாம் ஒன்று போலவே அமையும்.

ரம்பமும் ரவுட்டரும் எட்டாதவர்களுக்கு எளிய வழி சதுரப் பெட்டி: நான்கு பலகைகளை மூலைக்கு மூலை ஒட்டி, வெளிமூலைகளை உருட்டிவிட்டால் தீர்ந்தது. ஒரே அகலத்தில் சதுரம் வட்டத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் விறைப்பு. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஸ்டோரர் வடிவமைத்த கோட் ஐலண்ட் ஸ்கிஃப் 15½ அடிப் படகு. 105 சதுர அடிப் பாயை அப்படியொரு சதுரப் பெட்டிதான் தாங்குகிறது. அழகு குறைவு என்பார்கள். கடலில் யாரும் கிட்ட வந்து பார்ப்பதில்லை.

அடைகட்டை

அடியும் நுனியும் கூடாக இருக்கக் கூடாது. துளைக்குள் நசுங்கும் இடம் குறுக்குப் பலகை. கப்பி தொங்கும் இடம் நுனி. அடிக்கட்டை குறுக்குப் பலகையைத் தாண்டி 20 செ.மீ. மேலே போகட்டும். நுனிக்கு 25 செ.மீ. போதும். உள்கூட்டின் வடிவத்துக்கு எண்கோணமாக இழைத்து, தளர்வாக உட்காரும் அளவில் செய்யுங்கள்.

அடைகட்டையின் உள்முனையைச் சதுரமாக வெட்டி விட்டுவிட்டால், கெட்டியான மரம் முடிந்து கூடு தொடங்கும் அந்த ஒரு கோட்டில் அழுத்தம் முழுவதும் இறங்கும். பாய்மரங்கள் அங்கேதான் ஒடியும். மீன்வால் போல முனையை ஆழமாகப் பிளந்துவிடுங்கள். பிளவின் ஆழம் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால் விறைப்பு படிப்படியாகக் குறையும். அடைகட்டை குறுக்குப் பலகைக்கு மேல் 20 செ.மீ. போக வேண்டும் என்றேனே, அது பிளவின் அடிவரை உள்ள கணக்கு. வால் அதற்கும் மேலே போகும்.

ஒட்டுதல்

எபாக்ஸி மட்டும். வெள்ளைப் பசை எந்தப் பெயரில் வந்தாலும் இந்த வேலைக்கு வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸியும் வேண்டாம்; அதற்கு ஈரத்தைத் தாங்கும் திறன் குறைவு, நமக்கு நேரமும் போதாது. மெதுவாக இறுகும் ஹார்டனர் கேட்டு வாங்குங்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் கலவையைக் கையாளும் நேரம் பாதியாகக் குறையும். 25 டிகிரிக்கு டப்பாவில் போட்ட நேரத்தை நம்பிச் சித்திரை நண்பகலில் இறங்கினால் நான்காவது சட்டத்திலேயே குவளை புகையும். விடிகாலையில் தொடங்குங்கள். கலந்ததைக் குவளையில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்பினால் சூடேறாது. மொத்தம் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் செலவாகும். அதை நான்கு தடவையாகக் கலக்குங்கள்.

இரண்டு பேர் துணைக்கு வேண்டும். பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் சேர்த்துக் கட்டிப் பார்த்து, யார் எதைப் பிடிப்பது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அரை மீட்டருக்கு ஒன்றாக, அரைவட்டம் வெட்டிய தாங்கு பலகைகளை ஒரு நீளச் சட்டத்தின் மேல் நிறுத்தி, மேலே நூல் கட்டி நேர் பாருங்கள். கம்பம் சிறுக்கும் இடங்களில் தாங்கிகளை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். இதில் வரும் கோணல் பாய்மரத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும், பிறகு எந்த இழைப்புளியாலும் போகாது. தாங்கிகளின் மேல் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள்.

முதலில் சுத்தமான எபாக்ஸியைக் காடிகளிலும் விளிம்புகளிலும் பிரஷால் தடவி மரம் குடிக்க விடுங்கள். உள்பக்கமாக வரப்போகும் முகங்களுக்கும் ஒரு பூச்சு கொடுங்கள். மூடிய பிறகு அங்கே கை போகாது. அடுத்து, மாவாக அரைத்த மரத்தூளும் சிலிக்காத் தூளும் கலந்து, கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்தில் கெட்டியாக்கிக் காடிகளில் நிரப்புங்கள். ஒரு சட்டத்தைத் தாங்கியின் அடியில் வைத்து, இருபக்கமும் இரண்டிரண்டாக ஏற்றுங்கள். ஐந்து சேர்ந்ததும் அடைகட்டைகளைப் பசையோடு படுக்க வையுங்கள். பிறகு ஆறு, ஏழு. எட்டாவது அடம்பிடிக்கும்: பக்கத்துச் சட்டங்களைச் சற்று விரித்து, நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே அடிவரை வர வேண்டும்.

கட்டுவதற்கு விலையுயர்ந்த கிளாம்புகள் தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக அறுத்து இழுத்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் கிடைக்கும். 20 செ.மீ.க்கு ஒன்றாக ஹோஸ் கிளிப்போ கெட்டியான கேபிள் டையோ போடலாம். அளவாக இறுக்குங்கள், எபாக்ஸிக்கு மெல்லிய படலம் உள்ளே மிஞ்ச வேண்டும், முழுவதும் பிதுங்கிவிட்டால் இணைப்பு பட்டினி கிடக்கும். இறுக்கி முடித்ததும் ஒரு முனையிலிருந்து கண்ணை வைத்து நீளவாட்டில் பாருங்கள். கோணல் தெரிந்தாலும், சட்டங்கள் திருகிக்கொண்டு போனாலும், திருத்த அரை மணி நேரம் இருக்கிறது. வழிந்ததைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். கடலோர ஈரக் காற்றில் மேலே ஒரு பிசுபிசுப்புப் படியும். வெறும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாளை எடுக்க வேண்டும்.

உருட்டலும் பூச்சும்

இதுதான் சுகமான பகுதி, வேகமாகவும் முடியும். ஒவ்வொரு இணைப்பிலும் சதுர மூலை நான்கு மில்லிமீட்டர் வரை துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை இழைத்தால் எண்கோணம். எட்டு மூலைகளையும் சரித்தால் பதினாறு முகம், அவற்றையும் சரித்தால் முப்பத்திரண்டு. பிறகு உப்புத்தாள் பட்டையைக் கம்பத்தின் மேல் போட்டு இரு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் வட்டம் வந்துவிடும். தட்டையான முகங்களின் நடுவில் இழைப்புளி படக்கூடாது. சுவரின் கனம் அங்கேதான் இருக்கிறது.

கூடான பகுதியில் ஸ்குரூ அடிக்காதீர்கள். பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு ஓடும் கப்பியை நுனி அடைகட்டையில் துளையிட்டுக் கயிற்றால் கட்டுங்கள். ஆஞ்சானைக் கட்டும் முளையைக் குறுக்குப் பலகைக்குச் சற்று மேலே, உள்ளே கட்டை இருக்கும் இடத்தில் பொருத்துங்கள். துளையிட்ட ஒவ்வொரு இடத்தையும் எபாக்ஸியால் அடையுங்கள். குறுக்குப் பலகை உரசும் இடத்தில் தோல் சுற்றுங்கள்.

வெயில் எபாக்ஸியைத் தின்னும். மேலே ஐந்தாறு பூச்சு வார்னிஷ், அல்லது வெள்ளைப் பெயின்ட். வார்னிஷ் பூசிய மரத்தின் அழகுக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம் வெயிலுக்கு வெள்ளைதான் சரி. கருநிறம் வெயிலில் கொதிக்கும், 60 டிகிரியை நெருங்கினால் சாதாரண எபாக்ஸி இளகத் தொடங்கும். வெள்ளையில் விரிசல் உடனே கண்ணில் படும் என்பது இன்னொரு லாபம்.

கடலுக்கு முன்

பாய்மரத்தைக் கிடையாகப் படுக்கவைத்து, அடியையும் குறுக்குப் பலகை வரும் இடத்தையும் மட்டும் அசையாமல் பிடித்து, நுனியில் பத்து கிலோ தொங்கவிடுங்கள். ஒரு சாணுக்குள் தாழ்ந்து, எடையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். சத்தம் வரக்கூடாது. கம்பத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடி செய்யுங்கள். ஒரு திசையில் மட்டும் வெகுவாக வளைந்தால் அந்தப் பக்கத்துச் சட்டம் ஒன்றில் ரேகை விலகியிருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கம் முன்பின்னாக வரும்படி நட்டுக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை தோலைக் கழற்றி, குறுக்குப் பலகைக்கு மேலே ஒரு முழம் வரை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இணைப்பை ஒட்டி நீளவாட்டில் ஓடும் விரிசலைப் பற்றிக் கவலை வேண்டாம். உலர்த்தி, மெல்லிய எபாக்ஸியை உள்ளே இறக்கி, டியூப் சுற்றிக் கட்டினால் பழைய வலு வந்துவிடும். ரேகைக்குக் குறுக்கே மயிரிழை போலச் சுருக்கம் தெரிந்தால் நிலைமை வேறு. அங்கே நார் அமுங்கி நொறுங்கிவிட்டது. எந்தப் பசையும் அதைச் சேர்க்காது. அந்தப் பாய்மரத்தோடு கடலில் இறங்காதீர்கள். நல்ல துண்டுகளை அறுத்துப் பாய் கட்டும் பருமலுக்கு வைத்துக்கொண்டு, புதிதாக எட்டுச் சட்டம் அறுங்கள்.